என்ன கலர்?

யாசீனின் பங்க்சர் கடையில்
லாரிச் சக்கரங்கள் உதிர்த்த ஈயத்துண்டுகள்.
காசு வேண்டாமாம்,
மீன் கிடைத்தால் பார்க்கலாம் என்றான்.

மத்தி டப்பாவில் உருக்கினேன்.
சாம்பல் நிறத்தில் ஆடை கட்டும்.
கரண்டியால் ஒதுக்கினால் அடியில்
புதுச் சில்லறையின் பளபளப்பு.
புகை உள்ளே வராமல் கதவைச் சாத்தி
கஸ்தூரி உள்ளிருந்தே திட்டினாள்.

அச்சு என்பது
களிமண்ணில் டீஸ்பூன் அழுந்திய குழி.
ஈரம் மிச்சமிருந்த ஒரு நாள்
ஈயம் சீறி எழுந்து
முழங்கையில் ஒரு புள்ளி வைத்தது.
அன்றிலிருந்து அச்சைக்
கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றுவேன்.

வாலுக்குச் சவுரியில் ஒரு கொத்து,
பிஸ்கட் உறையின் உள்பக்கத்து வெள்ளியை
ஈர்க்கு ஈர்க்காக நறுக்கி அதோடு சேர்த்து
காத்தாடி நூலால் இறுக்கி ஒன்பது சுற்று.
கண்ணுக்கு ஸ்டிக்கர் பொட்டு, பக்கத்துக்கு ஒன்று.
நிறத்துக்கு அவளுடைய நகப்பாலிஷ்:
தங்கை கல்யாணத்துக்கு வாங்கி
ஒரு கையோடு வெறுத்துப்போன பச்சை.
சிவப்பைத் தொடக்கூடாது.
அது அவள் தினமும் போடுவது.

நாலரை மணி. தாழங்குப்பத்திலிருந்து
தேசப்பனின் ஃபைபர் படகு.
அனல்மின் நிலையத்து வெந்நீர்
ஆற்றோடு சேரும் இடத்தில் எஞ்சினை நிறுத்தினான்.
தண்ணீர் அன்று சாம்பல் கரைத்த கஞ்சி.

தெளிவுக்கு வெள்ளி,
கலங்கலுக்கு மஞ்சள்,
மூட்டமாக இருந்தால் கருப்பு
என்பது தேசப்பன் போட்ட சட்டம்.
அந்தச் சட்டப்படி மூன்று மணி நேரத்தில்
ஒரு மீனும் கைதாகவில்லை.

பச்சையை எடுத்தேன்.
கல்யாணத்துக்குப் போறியா என்றான்.

தரை தட்டியதும் நூல் தளரும்.
அங்கிருந்து ஒரு சாண் தூக்கு. விடு.
தூக்கும்போது பார்த்துக்கொண்டுதான் இருக்கும்,
விழும்போதுதான் வாய் வைக்கும்.
இரண்டாவது விழுகையில்
யாரோ கதவைத் தட்டியதுபோல் விரலில் ஒன்று.
அப்புறம் கதவையே பிடுங்கிக்கொண்டு ஓடியது.

கொடுவா. நாலு.
பெரியது ஐந்து கிலோவுக்கு நூறு கிராம் குறைவு.
தேசப்பன் பச்சையை வாங்கிப் பார்த்தான்.
பல் பட்டு ஒரு கண் போயிருந்தது.
என் பையிலிருந்து இன்னொரு பொட்டு எடுத்து
அவனே ஒட்டினான், கொஞ்சம் கோணலாக.

கரையில் ஏலத்துக்கு முன்னாலேயே
கஜபதி வந்து நின்றான்.
விலையைக் கேட்கவில்லை,
இடத்தைக் கேட்கவில்லை.
"என்ன கலர்?"

"சிவப்பு" என்றேன்.
தேசப்பன் கயிறு சுருட்டுவதில் மும்முரமானான்.

மறுநாள் ஏழு படகு.
எர்ணாவூர் ஃபேன்ஸி ஸ்டோரில்
சிவப்பு நகப்பாலிஷ் தீர்ந்துவிட்டதாம்.
ஏழு படகிலும் சிவப்பு இறங்கியது, ஏறியது,
என் பச்சையும் இறங்கியது, ஏறியது.
அவர்கள் பெட்டியில் ஐஸ் போதவில்லை.
எனக்கு ஒரு கெளுத்தி,
அதுவும் வாயில் மாட்டவில்லை,
முதுகில்.

கரைக்கு வந்ததும் நானே போனேன்.
"கஜபதி, சிவப்புலதானே?"
துணியில் சுற்றி வைத்திருந்ததை
மடியில் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொண்டு
"நீ சொன்னதுதாம்பா" என்று சிரித்தான்.

ராத்திரி டப்பா மறுபடியும் அடுப்பில்.
கஸ்தூரி வாசப்படியில் உட்கார்ந்து
நகத்தை ஊதிக்கொண்டிருந்தாள்.
பாட்டிலில் கால்வாசி இருக்கும்.
நான் பார்ப்பதைப் பார்த்து
மூடியைத் திருகாமல் என் பக்கம் நகர்த்தினாள்.

"அவனும் உன்ன மாதிரி சொல்லியிருந்தா?"

ஈயம் ஆடை கட்டத் தொடங்கியது.